நாவின் தீர்ப்பும் மனத்தின் தீர்ப்பும்

மனிதன் உண்ணத்தக்க உயிர்கள் இவை, உண்ணத்தகாதன இவை என்று வகுத்துத் தீர்ப்புக் கூறுவது எது? நாவா, மனமா, வழக்கமா, பசியா? கேட்பதற்கு எளிய வினா. விடையோ அத்துணை எளிதன்று. மாட்டிறைச்சியை விரும்பி உண்ணும் ஆங்கிலேயன், குதிரையிறைச்சி என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றான். கடற்காலுக்கு அப்பால் வாழும் பிரெஞ்சுக்காரனோ அதற்கென்றே தனிக் கடைகளை அமைத்தான். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அக்கடைகள் அங்கே நடந்து வந்திருக்கின்றன. இருவர்க்கும் நாவின் அமைப்பு ஒன்றே, இறைச்சியும் ஒன்றே, தீர்ப்பு மட்டும் வேறு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பிய அறிஞர் சிலர் இவ்வினாவை ஏட்டில் வைத்து ஆராய்வதோடு அமையாது, உணவு மேசையிலேயே வைத்து ஆராய்ந்தனர். மாட்டிறைச்சிக்கு அருகே குதிரையிறைச்சியையும், ஆட்டிறைச்சிக்கு அருகே ஆபிரிக்க மானிறைச்சியையும் பரிமாறி, ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சுவைத்து, தம் முடிபுகளை எழுதி வைத்தனர். அவர்கள் விருந்தாக நடத்திய அப்பரிசோதனையை, 1870ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு பெருநகரமே பட்டினியாக நடத்த நேர்ந்தது. விருந்தும் பட்டினியும் ஆகிய இவ்விரண்டையும் சேர்த்து நோக்கும்போதுதான் நாவின் இயல்பு நன்கு புலனாகும்.

குதிரையை உண்ணலாகாது என்னும் விலக்கு ஐரோப்பாவில் ஆதிகாலந்தொட்டு இருந்ததன்று. பண்டை ஜேர்மானிய இனத்தார் தம் தெய்வங்களுக்குக் குதிரையைப் பலியிட்டு, அவ்விறைச்சியைச் சடங்கு உணவாக உண்டு வந்தனர். அவர்களிடையே கிறித்தவ சமயத்தைப் பரப்பச் சென்ற பொனிபேசு அடிகளுக்கு, 732ஆம் ஆண்டில் பாப்பரசர் மூன்றாம் கிரகரி ஒரு திருமுகம் விடுத்தார். குதிரையுண்ணும் வழக்கத்தை ஒழிக்குமாறு அத்திருமுகம் பணித்தது. ஐஸ்லாந்து மக்கள் 1000ஆம் ஆண்டளவில் கிறித்தவராக மாறிய பொழுது, குதிரையிறைச்சி உண்ணும் உரிமையைச் சில காலத்துக்கேனும் விட்டுத்தருமாறு கேட்டுப் பெற்றனர் என்பதும் வரலாறு. எனவே, விலக்கு பிறந்தது சுவையின்மையால் அன்று. பழைய வழிபாட்டின் அடையாளத்தை அழிக்கும் நோக்கத்தால். காலப்போக்கில் காரணம் மறந்து போயிற்று; அருவருப்பு மட்டும் எஞ்சி நின்றது. பல தலைமுறைகள் கழிந்தபின் அந்த அருவருப்பே இயற்கையானது என்று மக்கள் எண்ணத் தலைப்பட்டனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்விலக்கு மீண்டும் ஆராய்ச்சிக்கு வந்தமைக்குக் காரணம் பசி. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1801ஆம் ஆண்டில் ஏறக்குறைய 89 இலட்சமாக இருந்த மக்கள் தொகை, 1851ஆம் ஆண்டில் ஏறக்குறைய 179 இலட்சமாகப் பெருகிற்று. ஐம்பது ஆண்டுகளில் இரு மடங்கு. மக்கள் நாட்டுப்புறங்களை விட்டு ஆலை நகரங்களிற் குவிந்தனர். மந்தைகளோ அவ்வளவு விரைவிற் பெருகவில்லை. ஆலைத் தொழிலாளியின் இல்லத்தில் இறைச்சி என்பது அருமையாகக் கிடைக்கும் பண்டமாயிற்று. பிரான்சிலும் நிலைமை இதுவே. இறைச்சியின் சுவையையே அறியாத ஏழைக் குடியானவர் அங்கு இலட்சக்கணக்கில் வாழ்ந்தனர்.

இக்குறையைத் தீர்க்க இரு வழிகள் உண்டென்று அறிஞர் கருதினர். ஒன்று, பிற கண்டங்களின் விலங்குகளைக் கொணர்ந்து ஐரோப்பிய மேய்ச்சல் நிலங்களில் வளர்ப்பது. மற்றது, கையிலே இருந்தும் வழக்கம் காரணமாக வீணாக எறியப்படும் இறைச்சியை உணவாகக் கொள்வது. முதல் வழியை இங்கிலாந்து பெரிதும் நாடிற்று; இரண்டாம் வழியைப் பிரான்சு நாடிற்று. இரு வழிகளுக்கும் வாயில் ஒன்றே. அது சுவைத்துப் பார்த்தல்.

சுவைத்துப் பார்த்தலில் எல்லார்க்கும் முன்னோடியாக விளங்கியவர் வில்லியம் பக்லண்ட் என்பார். ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியல் கற்பித்த இவர், மெகலோசோரஸ் என்னும் தொல்லூழிப் பல்லியை 1824ஆம் ஆண்டில் முதன்முதல் விவரித்தவர். பின்னர் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தின் தலைமைக் குருவாக உயர்ந்தவர். விலங்குலகத்தை ஆராய்வதோடு அமையாது, அதனை இயன்றவரை உண்டும் பார்த்துவிடவேண்டும் என்பது அவரது விநோதமான ஆசை. மண்ணைத் துளைத்து வாழும் அகழெலியே தாம் உண்டவற்றுள் மிக இழிந்த சுவையுடையது என்று அவர் நெடுங்காலம் கூறி வந்தாராம். நீல ஈ ஒன்றைச் சுவைத்த பின்னர் அத்தீர்ப்பை மாற்றிக்கொண்டார் என்று அவரை அறிந்தோர் எழுதி வைத்துள்ளனர். அவருடைய மைந்தர் பிராங்க் பக்லண்ட் தந்தையின் ஆர்வத்தை முழுமையாகப் பெற்றார். ஒருகால், விலங்குக்காட்சிச் சாலை ஒன்றில் இறந்து புதைக்கப்பட்ட சிறுத்தையைத் தோண்டுவித்து, அதன் இறைச்சியை வருவித்துச் சமைத்து உண்டார். சுவை அவ்வளவு நன்றாக இல்லை என்பதே அவர் கண்ட முடிபு.

இவர்களினும் ஆழ்ந்த பாடத்தை வழங்கும் நிகழ்ச்சி ஒன்று சாள்ஸ் டார்வினின் வாழ்க்கையில் உண்டு. 1833ஆம் ஆண்டில் அவர் தென்னமெரிக்காவின் பம்பாஸ் புல்வெளியிற் பயணஞ் செய்துகொண்டிருந்தார். ஓரிரவு அவருக்கு வெண்ணிற இறைச்சி ஒன்று பரிமாறப்பட்டது. உண்ணுங்கால் அவர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுந்தது. தாயின் வயிற்றிலிருந்து எடுக்கப்பட்ட, பிறவாத கன்றின் இறைச்சி அப்பகுதி மக்கள் விரும்பியுண்ணும் உணவுகளுள் ஒன்று. தாம் உண்பது அதுவாக இருக்குமோ என்று எண்ணி அவர் நடுங்கினார். பின்னர் விசாரித்தபோது, அது பூமா என்னும் காட்டுப்பூனையின் இறைச்சி என்று அறிந்து ஆறுதல் அடைந்தார். அதன் சுவை இளங்கன்றின் இறைச்சியையே பெரிதும் ஒத்திருந்தது என்று அவர் குறித்துள்ளார். இங்கு இறைச்சியும் மாறவில்லை; சுவையும் மாறவில்லை. பெயர் ஒன்றே மாறிற்று. அந்தப் பெயர் மாற்றத்தால் நடுக்கம் ஆறுதலாயிற்று.

பிரான்சின் பரிசோதனைக்குப் போர்க்களமே பள்ளியாக அமைந்தது. நெப்போலியனுடைய சேனையின் தலைமைச் சத்திரவைத்தியர் டொமினிக் லாரே, காயமுற்ற வீரர்க்குக் குதிரையிறைச்சிச் சாறு கொடுத்து அவர்களைத் தேற்றினார். 1809ஆம் ஆண்டு மே மாதத்தில் டான்யூப் ஆற்றின் லோபௌ தீவிலே சேனை சிக்குண்டது. அப்போது சமையற் கலங்கள் இல்லாமையால் குதிரைவீரரின் மார்புக் கவசங்களே கலங்களாயின. உப்பில்லாமையால் வெடிமருந்தே உப்பாயிற்று. அவ்வுணவினால் எவர்க்கும் தீங்கு நேரவில்லை என்று லாரே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். குதிரையிறைச்சி நஞ்சன்று என்பதற்கு ஒரு வைத்தியரின் சான்று கிடைத்தது. அது சுவையுடையதா என்பதே எஞ்சிய வினா.

அவ்வினாவுக்கு விடை காணும் முயற்சி 1855ஆம் ஆண்டு டிசெம்பர் முதலாம் நாள், பாரிஸ் நகருக்கு அணித்தான அல்போர் மிருகவைத்தியக் கல்லூரியில் நடைபெற்றது. கல்லூரி அதிபர் ரெனோ என்பார் நடத்திய இவ்விருந்து, ஒழுங்கான முறையில் அமைந்த ஒப்பீடு என்று சொல்லத் தகும். ஆராய்ச்சிக்கு அவர் தேர்ந்த குதிரை கொழுத்த இளங்குதிரை அன்று. வாதநோயினால் நடக்கமாட்டாத, 23 வயதுடைய கிழக்குதிரை. குதிரையிறைச்சிக்குப் பக்கத்திலேயே நல்ல மாட்டிறைச்சியும் ஒரே வகையாகச் சமைக்கப்பட்டது. சாறு, அவித்த இறைச்சி, வாட்டிய முதுகிறைச்சி என்னும் மூவகை உணவுகள் இணையிணையாகப் பரிமாறப்பட்டன. சாற்றில் குதிரையே மேம்பட்டது என்பது விருந்தினர் முடிபு. அவித்த இறைச்சியில் குதிரை முதல்தர மாட்டிறைச்சிக்குத் தாழ்ந்து நின்றது. வாட்டிய இறைச்சியிலோ குதிரைக்கே வெற்றி கிட்டிற்று. கிழக்குதிரையே இவ்வாறாயின், நல்ல குதிரை எவ்வாறிருக்கும் என்று வந்தோர் வியந்தனர்.

இவ்வியக்கத்துக்கு அறிவு வழியில் தலைமை தாங்கியவர் விலங்கியல் அறிஞர் இசிடோர் ஜொப்ருவா சென் இலேர். அயல்நாட்டு விலங்குகளைப் பிரான்சிலே பழக்கி வளர்க்கும் நோக்குடன் 1854ஆம் ஆண்டில் ஒரு சங்கத்தை நிறுவியவரும் இவரே. உணவுப் பொருள்கள் பற்றியும் சிறப்பாகக் குதிரையிறைச்சி பற்றியும் அவர் எழுதிய கடிதங்கள் 1856ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. இறைச்சி காணாத மக்கள் இலட்சக்கணக்கில் இருக்கும் நாட்டிலே, உண்ணத்தக்க இறைச்சி மாதந்தோறும் பெருந்தொகையாக வீணாக்கப்படுவது அறிவுக்கும் அறத்துக்கும் ஒவ்வாது என்பதே அந்நூலின் வாதம். அவருக்குப்பின் படைப்பிரிவின் மிருகவைத்தியர் எமில் தெக்ருவா இப்பணியை மேற்கொண்டார். 1865ஆம் ஆண்டு பெப்ரவரியில் பாரிஸ் கிராண்ட் ஹோட்டலில் பெரியதொரு குதிரை விருந்து நடைபெற்றது. மறு ஆண்டு ஜூன் மாதத்தில் அரசாங்கம் குதிரையிறைச்சி விற்பனைக்கு விதிகள் வகுத்து இசைவளித்தது. 1866ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள், தொழிலாளர் நிறைந்த பகுதியாகிய இத்தாலிச் சதுக்கத்தில் முதலாவது குதிரையிறைச்சிக் கடை திறக்கப்பட்டது. அது ஏழைகளின் கடையாகத் திறக்கப்பட்டது என்பது கருத்திற் கொள்ளத்தக்கது.

இங்கிலாந்தில் நிகழ்ச்சிகள் வேறு வகையாகச் சென்றன. அங்கே அறிஞர் மனத்தைக் கவர்ந்தது ஆபிரிக்காவின் ஈலண்ட். மானினத்தோடு ஒத்த தோற்றமும் எருதின் பருமனும் உடைய இவ்விலங்கின் ஆண் ஆயிரம் கிலோகிராமை அணுகும் எடை கொண்டது. டாபிப் பிரபு தம் மாளிகைப் பூங்காவிலே இதனை வளர்த்து வந்தார். 1851ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின் அம்மந்தை இலண்டன் விலங்கியற் சங்கத்துக்கு வந்து சேர்ந்து, அங்கும் இனம் பெருக்கிற்று. 1859ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள், இலண்டன் உணவுவிடுதி ஒன்றில் ஈலண்ட் விருந்து நிகழ்ந்தது. டைனோசோர் என்னும் சொல்லை உலகுக்கு வழங்கிய உடற்கூற்று அறிஞர் றிச்சட் ஓவன் அதிற் கலந்துகொண்டார். இறைச்சியின் நார் நுண்மையாகவும் நெருக்கமாகவும் மென்மையாகவும் இருந்ததென்று பாராட்டி, அவர் ரைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். இங்கிலாந்தின் பசும்புல்வெளிகளில் ஈலண்ட் மந்தைகள் மேயும் நாள் தொலைவில் இல்லை என்று பலர் நம்பினர்.

இந்நம்பிக்கையின் பயனாக 1860ஆம் ஆண்டில் இங்கிலாந்திலும் ஒரு பழக்கி வளர்ப்புச் சங்கம் தோன்றிற்று. அதன் ஊக்கமிக்க செயலாளர் பிராங்க் பக்லண்டே. சங்கத்தின் விருந்து 1862ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் இலண்டன் வில்லிஸ் மண்டபத்தில் நடைபெற்றது. நூறு பேரளவில் அமர்ந்திருந்த அம்மேசைக்குச் சீனத்துப் பறவைக்கூட்டுச் சூப்பு வந்தது. மானின் தசைநார்ச் சூப்பு வந்தது. அவுஸ்திரேலியாவிலிருந்து தகரத்தில் அடைத்து அனுப்பப்பட்ட கங்காரு இறைச்சியும் வந்தது. கங்காரு சிறிது பழுதுபட்டிருந்தும் உண்ணக்கூடியதாகவே இருந்தது என்று பக்லண்ட் எழுதினார். கடலட்டைச் சூப்பு அவருக்குப் பசைக்கலத்தை நினைவூட்டிற்று. மன்னார், யாழ்ப்பாணக் கடல்களிற் குளித்தெடுத்து, அவித்து உலர்த்தி, கீழைத்தேச வணிகர் வழியாகச் சீனத்துக்கு அனுப்பப்பட்டு வரும் கடலட்டையின் இனமே இது. சீனச் செல்வர் பெருவிலை கொடுத்து வாங்கும் அருவிருந்து இலண்டனில் பசையாயிற்று. தீர்ப்பு நாவினுடையதா, நாவை வளர்த்த நாட்டினுடையதா என்பதை இங்கும் நினைக்க வேண்டியிருக்கின்றது.

குதிரையையும் இலண்டன் சோதித்துப் பார்த்தது. 1865ஆம் ஆண்டு தொடங்கி மாடுகளை மாய்த்த கொள்ளைநோயினால் இறைச்சித் தட்டுப்பாடு பற்றிய கவலை நாட்டிலே மிகுந்திருந்த காலம் அது. 1868ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆம் நாள் லாங்கம் ஹோட்டலில், அல்ஜெனன் சிட்னி பிக்னெல் என்பவர் பெரும் பொருட்செலவில் குதிரை விருந்து ஒன்றை நடத்தினார். நூற்றைம்பது பேரளவில் வந்திருந்தனர். சிறுத்தையையும் உண்ட பிராங்க் பக்லண்ட் அங்கும் சென்றார்; சூப்பு முதல் இறுதி வரை ஒவ்வொன்றையும் நடுநிலையோடு சுவைத்தார். இந்நாட்டிலே குதிரையுண்ணும் வழக்கம் வேரூன்றும் வாய்ப்புச் சிறிதும் இல்லை என்பதே அவர் தீர்ப்பு. தொழிலாளர் குடும்பங்களுக்காகத் தொடங்கப்பட்ட முயற்சி அது. மேசையிலோ தொழிலாளர் இருக்கவில்லை. பாரிஸ் நகரில் குதிரை ஏழையின் கடைக்குச் சென்றது. இலண்டனில் அது செல்வரின் மண்டபத்தோடு நின்றது. இரு நகரங்களின் முடிபு மாறுபட்டமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

விருந்துக் காலம் அத்துடன் முடிந்தது. பட்டினிக் காலம் தொடங்கியது. 1870ஆம் ஆண்டு செப்டெம்பர் 19ஆம் நாள் பிரஷ்ய சேனைகள் பாரிஸ் நகரை முற்றுகையிட்டன. மறு ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்திடப்படும் வரை, நான்கு மாதங்களுக்கு மேலாக இருபது இலட்சம் மக்கள் சிறைப்பட்டவர்போல் வாழ்ந்தனர். முதலில் மாடும் ஆடும் தீர்ந்தன. அடுத்துக் குதிரையின் முறை வந்தது. முற்றுகை முடிவதற்குள் 60,000க்கு மேற்பட்ட குதிரைகள் உணவாயின. அல்போர் அறிஞர் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஆராய்ந்து கூறிய முடிபை இப்பொழுது ஒரு நகரமே பரிசோதித்தது. குதிரையிறைச்சி உண்ணத்தக்கது என்று முன்னரே நிலைநாட்டப்பட்டிருந்தமையால், மக்கள் தயக்கமின்றி அதனை ஏற்றனர். தெக்ருவாவின் பிரசாரம் செய்யமுடியாததை முற்றுகை செய்து முடித்தது.

குதிரைக்குப் பின் நாயும் பூனையும் எலியும் சந்தைக்கு வந்தன. இலண்டன் டெயிலி நியூஸ் பத்திரிகையின் நிருபராக முற்றுகைக்குள் அகப்பட்டிருந்த ஹென்றி லபுஷேர் தாம் உண்டவற்றை நாள்தோறும் எழுதி, ஆகாயக் கூண்டுகள் வாயிலாக வெளியே அனுப்பினார். கழுதையிறைச்சி ஆட்டிறைச்சியை ஒத்து மிக நன்றாக இருந்ததென்றும், எலி தவளைக்கும் முயலுக்கும் இடைப்பட்ட சுவையுடையதென்றும் அவர் குறித்தார். நாயிறைச்சியைப் பற்றி அவர் கூறியதே சிந்தனைக்கு உரியது. சுவை இளஆட்டிறைச்சியைப் போன்று தாழ்வில்லாது இருந்ததாம். ஆயினும் மனிதனையே உண்டது போன்ற உணர்ச்சி அவரை வாட்டியதாம். நா ஏற்றுக்கொண்டதை மனம் ஏற்க மறுத்தது.

டிசெம்பர் மாதத்தில் விலங்குக் காட்சிச் சாலையின் உயிர்களும் கசாப்புக் கடைக்குச் சென்றன. மக்கள் அன்போடு ஏறிச் சவாரி செய்த காஸ்டர், பொலக்ஸ் என்னும் இரு யானைகள் டிசெம்பர் 29ஆம், 30ஆம் நாட்களிற் சுட்டுக் கொல்லப்பட்டன. இரண்டுக்கும் 27,000 பிராங்க் விலை கொடுத்தான் ஒரு கசாப்புக்காரன். துதிக்கையே அருமையான பகுதியென்று மிகுந்த விலைக்கு விற்கப்பட்டது. பொலக்சின் இறைச்சியைச் சுவைத்த லபுஷேர், அது கடினமும் முரடும் எண்ணெய்ப்பசையும் உடையது என்றும், ஆடு மாடு கிடைக்கும்வரை எவரும் யானையை நாடவேண்டா என்றும் எழுதினார். வுவாசன் என்னும் புகழ்பெற்ற உணவகம் கிறிஸ்மஸ் நாளன்று தன் விருந்தினர்க்கு வாட்டிய ஒட்டகம், கங்காரு, கரடியின் விலாத்துண்டு, ஓநாயின் தொடை, மறிமான் ஆகியவற்றை உயர்ந்த மதுவகைகளோடு பரிமாறிற்று. சிங்கத்தையும் புலியையும் எவரும் தொடவில்லை; குரங்குகளும் தப்பின. பசி முற்றிய நாளிலும், தம்மை ஒத்த உருவுடைய உயிரை உண்ண மனிதன் கூசினான்.

வரலாற்றாசிரியர் பலர் வுவாசன் உணவகத்தின் உணவுப் பட்டியலை வியந்து எடுத்துரைப்பர். ஆயின் அந்நகரத்தின் உண்மை உணவு அதுவன்று. யானைத் துதிக்கை செல்வரின் விநோதம். ஏழைக்குக் கிட்டியது பங்கீட்டுக் குதிரையிறைச்சியில் ஒரு சிறு துண்டு. அதற்காகவும் பெண்கள் உறைபனியில் விடியற்காலம் முதல் வரிசையாக நின்றனர். ஜனவரி மாதத்திற் பாணும் பங்கீடாயிற்று. ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 300 கிராம். தவிடும் அரிசியும் ஓட்சும் கலந்த கரும்பாண் அது. குழந்தைகளும் முதியோரும் குளிராலும் நோயாலும் மடிந்தனர். ஒரே நகரத்தில் ஒரு சாரார் கரடியையும் ஒட்டகத்தையும் ஒப்பிட்டுச் சுவைத்துக்கொண்டிருந்தபோது, மறுசாரார்க்கு ஒப்பிடுவதற்கு இரண்டாவது உணவே இருக்கவில்லை.

சுவை வேறுபாடுகளுக்குப் பின்வந்த விஞ்ஞானம் காரணங் கண்டது. இறைச்சியின் செந்நிறம் இரத்தத்தினால் வருவதென்று பலர் எண்ணுவர். உண்மையில், தசைகளுக்குள் ஒட்சிசனைச் சேமித்து வைக்கும் மயோகுளோபின் என்னும் புரதமே அந்நிறத்துக்குக் காரணம். நெடுநேரம் ஓடி உழைக்கும் விலங்கின் தசையில் அது மிகுதி. ஆதலின் குதிரையினதும் காட்டு மானினதும் இறைச்சி கருஞ்சிவப்பாகத் தோன்றும். குதிரையின் தசையிலே கிளைக்கோசன் என்னும் மாப்பொருள் சேமிப்பு அதிகம். அதுவே அவ்விறைச்சிக்கு மெல்லிய இனிப்பைத் தருகின்றது. காட்டு விலங்குகளில் கொழுப்புக் குறைவு. அதனால் அவற்றை நெடுநேரம் வாட்டினால் இறைச்சி வறண்டுவிடும். விலங்குக்கு முதுமை ஏற ஏறத் தசைகளைப் பிணைக்கும் இழையங்கள் இறுகி, எளிதில் வேகாதவாறு ஆகின்றன. அல்போர் சாறு சிறந்திருந்ததும், அவித்த இறைச்சி பின்தங்கியதும் இவ்வாற்றால் விளங்கும். கிழவிலங்கின் இறுகிய இழையங்கள் நெடுநேரக் கொதியில் கரைந்து சாற்றுக்கு வளமூட்டும். சாறெடுத்த இறைச்சியோ சக்கையாகும். எனவே நாவின் தீர்ப்புக்கு மெய்யான அடிப்படை உண்டு. ஆனால் அது மென்மை, வன்மை, இனிப்பு, கொழுப்பு என்பவற்றோடு நின்றுவிடும். உண்ணலாமா, ஆகாதா என்று சொல்லும் அதிகாரம் அதற்கு இல்லை.

இறைச்சிப் பஞ்சத்தைத் தீர்த்தது ஈலண்டும் அன்று, கங்காருவும் அன்று. 1880ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஸ்திராத்லெவன் என்னும் கப்பல், உறைய வைத்த மாட்டிறைச்சியையும் ஆட்டிறைச்சியையும் அவுஸ்திரேலியாவிலிருந்து இலண்டனுக்குக் கொணர்ந்தது. 1882ஆம் ஆண்டில் டனீடின் என்னும் பாய்க்கப்பல் நியூசிலாந்திலிருந்து ஏறக்குறைய 5,000 ஆட்டுடல்களைக் கெடாது கொண்டுவந்து சேர்த்தது. புதிய விலங்கை இங்கிலாந்துக்குக் கொணர்வதிலும், பழைய விலங்கைப் புதிய நாட்டில் வளர்த்து உறைபனியிலிட்டுக் கொணர்வது எளிதாயிற்று. முதற்கப்பல் வந்த அதே ஆண்டு டிசெம்பரில் பிராங்க் பக்லண்ட் காலமானார். அவர் செயலாற்றிய சங்கம் அதற்கு முன்னரே மறைந்துவிட்டது. ஈலண்ட் மட்டும் உக்ரேனின் அஸ்கானியா நோவாவில் 1890களிலிருந்து வளர்க்கப்பட்டு, பாலுக்கும் பயன்பட்டது.

விலங்குகளைக் கண்டத்துக்குக் கண்டம் மாற்றும் ஆர்வம் தீங்கையும் விளைத்தது. ஈலண்ட் விருந்து நிகழ்ந்த அதே 1859ஆம் ஆண்டின் இறுதியில், தோமஸ் ஒஸ்டின் என்னும் நிலக்கிழார் வேட்டை விளையாட்டுக்காக இங்கிலாந்திலிருந்து இரண்டு டசின் அளவான முயல்களை அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா மாநிலத்துக்கு வருவித்தார். அவற்றின் வழித்தோன்றல்கள் சில பத்தாண்டுகளில் கண்டத்தின் பெரும்பகுதியிலும் பரவி, புல்வெளிகளை அழித்தன. உணவுக்கும் விளையாட்டுக்குமாகக் கொணரப்பட்ட உயிர், ஆட்டு மந்தைகளின் உணவையே பறித்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் விருந்துகள் எழுப்பிய வினாவுக்கு இருபத்தோராம் நூற்றாண்டு எதிர்பாராத ஒரு விடையைத் தந்தது. 2013ஆம் ஆண்டு ஜனவரியில், மாட்டிறைச்சி என்று பெயரிட்டு விற்கப்பட்ட உணவுகளிற் குதிரையிறைச்சி கலந்திருப்பதை அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு அதிகார சபை வெளிப்படுத்திற்று. ஒரு மாதிரியில் இறைச்சியின் 29 சதவீதம் குதிரையினது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலும் அதே கலப்படம் கண்டுபிடிக்கப்பட்டது. வாங்கியோர் ஏமாற்றப்பட்டமையால் எழுந்த சீற்றம் நியாயமானதே. எனினும் ஒன்றை மறத்தலாகாது. கலப்படத்தைக் கண்டுபிடித்தது ஆய்வுகூடத்து மரபணுச் சோதனை. உண்டோரின் நா அன்று. 1868ஆம் ஆண்டில் பெயர் அறிந்து உண்டு வெறுத்த நாட்டினர், பெயர் அறியாது உண்டபோது வேற்றுமை உணரவில்லை.

இவ்விடத்தில் தமிழர் மரபின் ஒரு செய்தி ஒளி தருகின்றது. திருக்குறளில் புலான்மறுத்தல் என்னும் அதிகாரம் உண்டு. ஊன் சுவையற்றது என்றோ, இன்ன விலங்கின் ஊன் இழிந்தது என்றோ அவ்வதிகாரம் வாதிடவில்லை. உடலுக்குச் சுவை உண்டென்பதை ஒப்புக்கொண்டே, அருளின் பெயரால் அதனை மறுக்கச் சொல்கின்றது. அது நேரான வழி. மறுப்போர் அறத்தின் பெயரால் மறுக்கலாம். உண்போர் பசியின் பெயரால் உண்ணலாம். ஆனால் மனத்தின் பழக்கத்தை நாவின் மேல் ஏற்றி, பிறர் உணவை இழிவென்று கூறுதற்கு நியாயம் இல்லை.

பக்லண்டின் சிறுத்தையும், ஓவனின் ஈலண்டும், பாரிஸ் மக்களின் குதிரையும் வரலாற்றுக்கு விட்டுச்சென்ற படிப்பினை இதுவே. நா சுவையை மட்டுமே அறியும். விலக்குகளை ஆக்குவது சமயமும் வழக்கமும், அவற்றைக் காப்பது மனம், உடைப்பது பசி. பிறன் ஒருவனின் கலத்தை நோக்கி முகஞ் சுளிக்குமுன், அவன் எந்த நாட்டில் எந்த வழக்கத்தில் வளர்ந்தான் என்பதையும், எத்தனை நாள் பசித்திருந்தான் என்பதையும் கேட்டறிதல் தகும்.